யாரு சாடை?

வைகை அணைப் பூங்காவுக்கு ஞாயிற்றுக்கிழமை வருகிற கூட்டத்தில் அணையைப் பார்க்க வருகிறவர்கள் குறைவு. பொரித்த மீன் வாங்குவார்கள், பிள்ளைகளை ஊஞ்சலில் விடுவார்கள், மரநிழலில் போர்வையை விரித்துப் புளிச்சோற்றைப் பிரிப்பார்கள். 2025 ஜூலையில் ஒரு ஞாயிறு நாங்களும் அப்படித்தான் போயிருந்தோம். என் சித்தி மகள் ஐந்து மாதப் பெண் குழந்தையோடு வந்திருந்தாள். பக்கத்துப் போர்வையில் இருந்த, முன்பின் தெரியாத ஒரு அம்மா குழந்தையின் கன்னத்தை வழித்து நெட்டி முறித்துவிட்டுக் கேட்டார்:

"யாரு சாடை?"

சித்தி முந்திக்கொண்டார். "அப்படியே மாப்ளய உரிச்சு வச்சிருக்கு. நெத்தி, மூக்கு, தாவாக்கட்டை எல்லாம் அவுகதான்."

நான் குழந்தையைப் பார்த்தேன். நெற்றி சித்தியுடையது. மூக்கு இன்னும் மூக்காகவே ஆகவில்லை. ஐந்து மாதக் குழந்தைக்குத் தாவாக்கட்டை எங்கே இருக்கிறது? என் தங்கை தலையைக் குனிந்து குழந்தையின் சட்டையைச் சரிசெய்தாள். மாப்பிள்ளை ஒன்றும் சொல்லவில்லை. அவர் சிரிக்கிறாரா என்று சித்தி ஓரக்கண்ணால் பார்த்ததை நான் பார்த்தேன்.

அதே நேரத்தில் என் அண்ணன் மகன் கைப்பேசியை நீட்டினான். கீழடிக்குப் பக்கத்தில் கொந்தகைப் புதைகாட்டில் எடுத்த இரண்டு மண்டையோடுகளுக்கு முகம் கொடுத்திருந்தார்கள். மதுரை காமராசர் பல்கலைக்கழகமும் இங்கிலாந்தின் லிவர்பூல் ஜான் மூர்ஸ் பல்கலைக்கழகத்தின் முக ஆய்வகமும் சேர்ந்து செய்த வேலை. "அத்தை, இவரு நம்ம பெரிய தாத்தா சாடை இல்ல?" என்றான். போர்வையில் இருந்த ஆண்கள் எல்லோரும் கைப்பேசியை வாங்கிப் பார்த்தார்கள். ஒருவர் பெரிய தாத்தா என்றார், ஒருவர் தன் மாமனார் என்றார். எல்லோருக்கும் பெருமை.

ஒரே போர்வையில் ஒரே கேள்வி இரண்டு முறை கேட்கப்பட்டது. 2,500 ஆண்டுகளுக்கு முன் செத்துப்போன ஆண்களின் முகத்தில் சாடை தேடுவது விளையாட்டு. ஐந்து மாதக் குழந்தையின் முகத்தில் சாடை தேடுவது விசாரணை.

எங்கள் பக்கத்தில் சாடை என்றால் முக ஒற்றுமை. சாடை பேசுவது என்றால் பெயர் சொல்லாமல் குத்திக்காட்டுவது. இரண்டுக்கும் ஒரே சொல் இருப்பதைப் பற்றிப் பிள்ளை பெற்ற எந்தப் பெண்ணுக்கும் நான் விளக்கத் தேவையில்லை.

*

பதினெட்டு ஆண்டுகளுக்கு முன் என் மகள் தேனியில் ஒரு மருத்துவமனையில் பிறந்தாள். நான் மயக்கம் தெளிந்து கேட்ட முதல் வாக்கியம் என் அம்மாவுடையது: "மாப்பிள்ளை முகம், அப்படியே மாப்பிள்ளை முகம்." என் மாமியார் குழந்தையை வாங்கிச் சன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார். காது நுனியைத் திருப்பிப் பார்த்தார். பிள்ளையின் வருங்கால நிறம் காது நுனியில் தெரியும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. பிறகு மூக்கைப் பார்த்தார். "இந்த மூக்கு எங்க வீட்ல யாருக்கும் கிடையாதே" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. ஒரு தகவலைப் போலச் சொன்னார். அந்தத் தகவல் எங்கள் வீட்டில் ஒன்றரை வருடம் உலவியது. விருந்தாளிகள் வந்தார்கள், மூக்கைப் பார்த்தார்கள், போனார்கள். என் கணவர் ஒரு நாளும் என்னைச் சந்தேகித்ததில்லை. அதேபோல் ஒரு நாளும் "என் பிள்ளையின் மூக்கைப் பற்றி இனி யாரும் பேச வேண்டாம்" என்று சொன்னதுமில்லை.

பல வருடங்கள் கழித்து அம்மாவிடம் கேட்டேன். "உண்மையிலேயே அவர் முகம் மாதிரி இருந்துச்சாம்மா?" அம்மா சொன்னார்: "பிறந்த பிள்ள முகம் யாருக்குடி தெரியும்? நாமளா முந்திச் சொல்லிட்டா ஒரு பாதுகாப்புதான."

என் அம்மா எட்டாம் வகுப்பு. அவர் கண்டுபிடித்ததை 1982இல் கனடாவைச் சேர்ந்த மார்ட்டின் டேலி, மார்கோ வில்சன் என்ற இரு உளவியலாளர்கள் ஆய்வுக் கட்டுரையாக எழுதினார்கள். அமெரிக்கப் பிரசவ அறைகளின் ஒளிப்பதிவுகளைப் போட்டு, பிள்ளை பிறந்தவுடன் யார் என்ன பேசுகிறார்கள் என்று கேட்டார்கள். பிள்ளை அப்பாவைப் போல இருக்கிறது என்ற பேச்சே மிகுதி. அதை அதிகம் சொன்னவர் தாய். 1993இல் மெக்சிகோவிலும் அதே போக்கைக் கண்டார்கள். 2000இல் வெளிவந்த இன்னொரு ஆய்வு ஒரு படி மேலே போனது. தந்தை அறையில் இருக்கும்போது தாய் "உங்களைப் போலவே" என்று சொல்வது கூடுகிறது. ஆனால் குடும்பத்தைத் தெரியாத அந்நியர்களிடம் புகைப்படங்களைக் கொடுத்தால், பிறந்த குழந்தை தாயைப் போல இருப்பதாகவே அவர்கள் அதிகம் சொல்கிறார்கள்.

பிள்ளைகள் தந்தை முகத்தோடு இருப்பதுதான் இயற்கை என்று 1995இல் ஒரு கட்டுரை வந்தது. உலகப் பத்திரிகைகள் கொண்டாடின. பின்னால் வந்தவர்கள் அதே சோதனையைத் திரும்பச் செய்தபோது அந்த முடிவு கிடைக்கவில்லை. அதைக் கொண்டாட யாரும் வரவில்லை.

ஆக, கண்டம் விட்டுக் கண்டம் பெண்கள் ஒரே பொய்யைச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். சித்தி சொன்னதும் அதுதான், என் அம்மா சொன்னதும் அதுதான். பயந்தவர்கள் சொல்லும் பொய் அது. "இது உன் பிள்ளைதான், சோறு போடு, விட்டுவிட்டுப் போய்விடாதே" என்பதை நேராகச் சொல்ல முடியாதவர்கள் "உரிச்சு வச்சிருக்கு" என்று சொல்கிறார்கள். பத்து மாதம் சுமந்து பெற்றவளின் முகம் பிள்ளையின் முகத்தில் இருப்பதை அவளே அழித்துக் கொடுக்க வேண்டியிருக்கிறது.

*

என் வகுப்பில் ஒரு மாணவி இருந்தாள். எந்தக் கல்லூரி, எந்த ஆண்டு என்பது வேண்டாம். மாலையில் துறைக்கு வந்து, யாரும் இல்லை என்பதைப் பார்த்துக்கொண்டு கேட்டாள்: "மேடம், காதுமடல் ஒட்டியிருந்தா, ஒட்டாம இருந்தா, அத வச்சு அப்பா யாருன்னு சொல்ல முடியுமா?"

பத்தாம் வகுப்பில் அவளுடைய ஆசிரியர் ஒரு செயல்பாடு கொடுத்திருக்கிறார். உன் காதுமடலைப் பார், பெற்றோரின் காதுமடலைப் பார், விதியைக் கண்டுபிடி. தனித்துத் தொங்கும் மடல் ஓங்கு பண்பு, கன்னத்தோடு ஒட்டிய மடல் ஒடுங்கு பண்பு. அந்தக் கணக்கின்படி, ஒட்டிய மடல் உள்ள இருவருக்குத் தொங்கும் மடலோடு பிள்ளை பிறக்க முடியாது. அவளுடைய அப்பா அம்மா இருவருக்கும் ஒட்டிய மடல். அவளுக்குத் தொங்கும் மடல். நல்ல மாணவி என்பதால் கட்டம் போட்டுச் சரியாகக் கணக்குச் செய்து, அந்த நோட்டை வீட்டில் வைத்துவிட்டுப் பள்ளிக்குப் போயிருக்கிறாள். அப்பா படித்திருக்கிறார். ஏற்கெனவே "எம் பிள்ள எம் முகத்துல இல்ல" என்று குடித்த நாட்களில் பேசுகிறவர். இப்போது அவர் கையில் அறிவியல் வந்துவிட்டது. அன்றிரவு அம்மாவுக்கு விழுந்த அடிக்குத் தான்தான் காரணம் என்று ஐந்து வருடமாக அந்தப் பெண் நம்பிக்கொண்டிருந்தாள்.

நான் தமிழ் படித்தவள். விலங்கியல் துறைத் தோழியைக் கூப்பிட்டேன். இருவரும் உட்கார்ந்து அவளுக்கு விளக்கினோம். அன்று அவளுக்குச் சொன்னதை இங்கேயும் எழுதுகிறேன், ஏனென்றால் அந்தச் செயல்பாடு அவள் ஆசிரியர் சொந்தமாகக் கண்டுபிடித்தது அல்ல. மத்தியப் பாடத்திட்டத்தின் பத்தாம் வகுப்பு அறிவியல் நூலில் பல்லாண்டுகளாக இருந்துவருவது.

காதுமடல் ஒற்றை மரபணுவின் வேலை அல்ல. 2017இல் எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் நடந்த ஆய்வு, மடல் ஒட்டுவதோடு தொடர்புள்ள இடங்கள் மரபுத்தொகுதியில் 49 இருப்பதாகக் காட்டியது. ஒட்டியது, தொங்குவது என்று இரண்டே வகை கிடையாது. இடைப்பட்ட மடல்கள் ஏராளம். ஒட்டிய மடல்காரர்களுக்குத் தொங்கும் மடலோடு பிள்ளை பிறப்பதில் அதிசயம் ஒன்றுமில்லை. நாக்கைச் சுருட்டும் திறனும் இதே கதைதான். 1940இல் ஆல்ஃப்ரெட் ஸ்டர்டெவன்ட் அதை ஒற்றை மரபணுப் பண்பு என்றார். 1952இல், ஒரே கருவில் உண்டான இரட்டையர் 33 ஜோடிகளைப் பார்த்தபோது, ஏழு ஜோடிகளில் ஒருவருக்கு நாக்கு சுருண்டது, மற்றவருக்குச் சுருளவில்லை. ஒரே மரபணுக்கள் உள்ளவர்களிடமே வேறுபட்டால் எங்கே போகிறது விதி? ஸ்டர்டெவன்ட் பின்னாளில் தன் முடிவை விட்டுக்கொடுத்தார். பாடப்புத்தகங்கள்தான் விடவில்லை.

பட்டாணிச் செடியில் மெண்டல் கண்டது உண்மை. ஆனால் மனித முகம் பட்டாணி அல்ல. வகுப்பில் நாற்பது பிள்ளைகள் இருந்தால் அதில் தத்தெடுக்கப்பட்ட பிள்ளை இருக்கலாம், அம்மா இரண்டாம் திருமணம் செய்த பிள்ளை இருக்கலாம், என் மாணவியைப் போல எல்லாம் சரியாக இருந்தும் தப்பான பாடத்தால் தண்டிக்கப்படும் பிள்ளை இருக்கலாம். "வீட்டுக்குப் போய் அப்பா காதைப் பார்" என்று சொல்லும் ஆசிரியருக்கு அந்த வீட்டில் என்ன நடக்கும் என்று தெரியுமா?

என் அம்மாச்சிக்குக் காதில் தண்டட்டி. அதன் கனத்தில் மடல் வளர்ந்து தோளைத் தொடும். அந்தத் தலைமுறைப் பெண்களிடம் போய் மடல் ஒட்டியதா தொங்குவதா என்று கேட்டிருந்தால் சிரித்திருப்பார்கள். எங்கள் பக்கத்தில் காது குத்துவது தாய்மாமன் மடியில் வைத்துத்தான். காது தாய்வீட்டின் சொத்து என்று ஊர் சொன்னது. பாடப்புத்தகம் வந்து அதை அப்பனின் சாட்சியாக்கியது.

*

முகம் எப்படி உண்டாகிறது? கருவின் நான்காவது வாரத்தில் தொடங்கிப் பத்தாவது வாரத்துக்குள் அதன் அடிப்படை அமைப்பு முடிந்துவிடுகிறது. நாள் தள்ளிப்போனதை அவள் வீட்டில் சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும் நாட்களில், தனித்தனி முகிழ்களாக வளர்ந்து வந்த திசுக்கள் நெருங்கி ஒட்டி உதடாகவும் மூக்காகவும் தாடையாகவும் ஆகின்றன. அதை நடத்தும் மரபணுக்களைத் தேடும் வேலை கடந்த பதினைந்து ஆண்டுகளில்தான் சூடு பிடித்தது. 2012இல் இரண்டு கண்களுக்கு நடுவே மூக்கு தொடங்கும் இடத்தோடு 'பாக்ஸ் 3' என்ற மரபணுவுக்குத் தொடர்பு இருப்பதாகக் கண்டார்கள். 2016இல் லத்தீன் அமெரிக்க மக்களிடம் மூக்கின் அகலம், நுனி, முகவாய் ஆகியவற்றோடு தொடர்புள்ள சில மரபணுக்கள் தெரியவந்தன. 2021இல் எட்டாயிரம் பேருக்கும் மேற்பட்ட ஐரோப்பிய வம்சாவளியினரின் முப்பரிமாண முகப் படங்களை வைத்து, முக வடிவத்தோடு தொடர்புள்ள இருநூறுக்கும் மேற்பட்ட இடங்களைப் பட்டியலிட்டார்கள். ஒவ்வொன்றின் பங்கும் துளித்துளிதான். "அப்பாவின் மூக்கு" என்று ஒரு பொருள் மரபணுக்களில் எங்கும் பொட்டலமாகக் கட்டி வைக்கப்படவில்லை. அம்மாவிடமிருந்து பாதி, அப்பாவிடமிருந்து பாதி வருகிறது. எந்தப் பாதி என்பது ஒவ்வொரு கருவிலும் சீட்டுக்கட்டைப் போலக் கலைத்துப் போடப்படுகிறது. அதனால்தான் ஒரு வயிற்றில் பிறந்த மூவர் மூன்று முகத்தோடு இருக்கிறார்கள். பாட்டியின் பாட்டிக்கு இருந்த மூக்கு, இடையில் யாரிடமும் தலைகாட்டாமல் பேத்தியிடம் வந்து உட்காரலாம். என் மாமியார் தேடிய மூக்கு எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியாது. தெரிய வேண்டிய தேவையும் இல்லை.

நிறமும் அப்படித்தான். கர்ப்பிணிக்குக் குங்குமப்பூவைப் பாலில் போட்டுக் கொடுக்கும் வீடுகள் தேனியில் இன்னும் இருக்கின்றன. குங்குமப்பூ பாலை மஞ்சளாக்கும். கருவை ஒன்றும் செய்யாது. நிறத்தில் பங்கு வகிக்கும் பல மரபணுக்களில் ஒன்று 'எஸ்.எல்.சி. 24 ஏ 5'. அதில் தோலை வெளிறச் செய்யும் ஒரு மாற்றம் ஐரோப்பியர்களிடமும் இந்தியர்களிடமும் பரவியிருப்பது ஒரே மூலத்திலிருந்து வந்தது என்று 2013இல் ஒரு ஆய்வு சொன்னது. ஒரே குடும்பத்தில் ஒருவர் அதைப் பெறலாம், ஒருவர் பெறாமல் போகலாம். அக்கா சிவப்பு, தங்கை கறுப்பு என்றால் அதற்கு அம்மா பதில் சொல்ல வேண்டியதில்லை.

இப்போது கொந்தகை முகங்களுக்கு வருகிறேன். அந்த ஆய்வாளர்கள் நேர்மையாகத்தான் வேலை செய்திருக்கிறார்கள். மண்டையோட்டிலிருந்து கன்ன எலும்பின் உயரத்தை அறியலாம், தாடையின் அகலத்தை அறியலாம், கண்குழியின் ஆழத்தை அறியலாம். காதையும் உதட்டையும் மூக்கு நுனியையும் எலும்பு முழுதாகச் சொல்லாது. தோல், முடி, கண் ஆகியவற்றின் நிறத்தை இன்றைய தமிழ்நாட்டு மக்களைப் பார்த்துத்தான் கொடுத்தார்கள். அதாவது நம் முகத்தில் கொஞ்சம் எடுத்து அவர்களுக்குக் கொடுத்துவிட்டு, "அடடா, நம்ம தாத்தா மாதிரியே இருக்காரே" என்று நாம் வியக்கிறோம்.

இன்னொன்றும் கவனித்தேன். வெளிவந்த இரண்டு முகங்களும் ஆண் முகங்கள். அதற்குத் தொழில்நுட்பக் காரணங்கள் இருக்கலாம், ஆய்வாளர்கள் மீது எனக்குப் புகார் இல்லை. ஆனால் எங்கள் போர்வையில் இருந்த ஒருவரும் "பொம்பள முகம் எங்க?" என்று கேட்கவில்லை. தமிழர் முகம் என்றால் ஆண் முகம் என்பது அவ்வளவு இயல்பாக இருந்தது.

*

ஆண்வழியை மட்டும் எண்ணும் இந்தப் பழக்கத்துக்கு மரபணுவியலிலிருந்தே ஒரு ஆயுதம் கிடைத்திருக்கிறது. மதுரைக்கு மேற்கே ஜோதிமாணிக்கம் கிராமத்து இளைஞர் ஒருவரிடம் 'எம் 130' என்ற மரபணுக் குறி இருப்பதை மதுரை காமராசர் பல்கலைக்கழகப் பேராசிரியர் பிச்சப்பனின் குழு கண்டது. ஆப்பிரிக்காவிலிருந்து கடற்கரையோரமாக ஆஸ்திரேலியாவரை போன ஆதி மனிதர்களின் தடம் அது என்று, அவர்களோடு வேலை செய்த ஸ்பென்சர் வெல்ஸ் தன் நூலிலும் ஆவணப்படத்திலும் சொன்னார். நல்ல ஆய்வு. ஆனால் அது எங்கள் பக்கத்தில் என்னவாகிப் போனது? "இந்தியாவின் முதல் மனிதன் எங்க சாதிக்காரன்" என்ற மேடைப்பேச்சானது.

எம் 130 இருப்பது ஒய் குரோமோசோமில். அது அப்பனிடமிருந்து மகனுக்கு மட்டும் போகும். பத்துத் தலைமுறைக்கு முன்னால் ஒருவருக்கு 1,024 முன்னோர் இடங்கள் உண்டு. மாமன் மகள், அத்தை மகன் என்று கட்டுகிற எங்கள் ஊர்களில் ஒரே ஆள் பல இடத்தில் வருவார். ஆனாலும் இடங்கள் 1,024. அதில் 512 பெண்கள், 512 ஆண்கள். ஒய் குரோமோசோம் சொல்வது அதில் ஒரே ஒரு ஆணின் கதை. மீதி 1,023 பேரைப் பற்றி அது வாய் திறக்காது. அந்தக் குறி மூக்கின் வடிவத்தையும் தீர்மானிப்பதில்லை.

இது எங்களுக்குப் பழகிய கணக்குத்தான். குலசாமி அப்படித்தான் இறங்கும். பங்காளிகளுக்கு ஒரே சாமி; பெண்ணுக்குப் பிறந்தவீட்டுச் சாமி கல்யாணத்தோடு முடிந்து, புருஷன் வீட்டுச் சாமி தொடங்கும். ஒய் குரோமோசோமைப் பார்த்ததும் ஆண்கள் குதூகலித்ததற்குக் காரணம் அதில் அவர்கள் தங்கள் குலசாமியைப் பார்த்ததுதான். அம்மாவிடமிருந்து மட்டுமே பிள்ளைகளுக்கு இறங்கும் மைட்டோகாண்ட்ரியாவைப் பற்றி எந்த மேடையிலும் யாரும் மார்தட்டிக் கேட்டதில்லை.

முகத்தில் சாதி தேடுவதும் இங்கே பழைய தொழில். 1901 மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்குத் தலைமை வகித்த ஹெர்பர்ட் ரிஸ்லி, மூக்கு அகலமாக ஆக ஆகச் சாதியின் படிநிலை இறங்கும் என்று கருதியவர். சென்னை அருங்காட்சியகத்தின் எட்கர் தர்ஸ்டன் அளவுகோலோடு தென்னிந்திய மூக்குகளை அளந்து, 1909இல் ஏழு தொகுதி வெளியிட்டார். அதே மூக்கு அளவுகளை வைத்துத்தான் 1948இல் அம்பேத்கர், பிராமணரும் தீண்டப்படாதவராக்கப்பட்டவரும் ஒரே இனம் என்று வாதிட்டார். ரிஸ்லியின் அளவுகோலாலேயே ரிஸ்லியைத் தோற்கடித்தார். இருந்தும், "மொகத்தப் பாத்தாலே எந்தாளுன்னு சொல்லிருவேன்" என்று டீக்கடையில் பேசுகிறவர்களைக் கம்பம் முதல் ஆண்டிபட்டி வரை எந்த ஊரிலும் பார்க்கலாம்.

2013இல் ஹைதராபாத் சி.சி.எம்.பி. நிறுவனமும் ஹார்வர்டும் சேர்ந்து செய்த ஆய்வு, சுமார் 4,200 ஆண்டுகளுக்கு முன்பிலிருந்து 1,900 ஆண்டுகளுக்கு முன்புவரை இந்தியாவில் எல்லாரோடும் எல்லாரும் கலந்தார்கள், பிறகுதான் கதவு மூடியது என்று காட்டியது. அந்தக் கணக்கின்படி கொந்தகை மனிதர்கள் வாழ்ந்தது கலப்பு நடந்துகொண்டிருந்த காலத்தில். அவர்களுடைய முகத்தை எந்தச் சாதியும் சொந்தம் கொண்டாட முடியாது.

அந்தக் கதவு எப்படி மூடப்பட்டது? மரபணு ஆய்வு வருவதற்கு நெடுங்காலம் முன், 1916 மே மாதம் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் 25 வயது அம்பேத்கர் பதில் சொல்லிவிட்டார். சாதியின் சாரம் அகமணம். அகமணத்தைக் காக்கத்தான் உடன்கட்டை, கட்டாய விதவைக்கோலம், சிறுமித் திருமணம். அதாவது பெண்ணுடலைப் பூட்டாமல் சாதியைப் பூட்ட முடியாது. "யாரு சாடை?" என்ற கேள்வி அந்தப் பூட்டு சரியாக இருக்கிறதா என்று தினமும் ஆட்டிப் பார்க்கும் கை. பிள்ளை இவனுடையதா என்பதும், பிள்ளை எந்தச் சாதி என்பதும் இரண்டு கேள்விகள் அல்ல.

இதே மண்ணில்தான், உசிலம்பட்டிக்கு மேற்கிலும் கிழக்கிலும், பெண் பிறந்ததற்காகத் தாயைக் குற்றவாளியாக்கினார்கள். ஆணா பெண்ணா என்பதை முடிவு செய்வது ஆணின் விந்தணு என்பதைப் பள்ளிப் பிள்ளையும் அறியும். பெண்ணாகப் பிறந்தால் அவள் குற்றம். கறுப்பாகப் பிறந்தால் அவள் குற்றம். அப்பன் முகத்தில் இல்லையென்றால் அவள் குற்றம். அப்பன் முகத்தில் இருந்துவிட்டால் மட்டும் "எங்க ரத்தம்".

*

"சரி, சாடை பொய், டி.என்.ஏ. சோதனை உண்மைதானே? எடுத்துப் பார்த்துவிட வேண்டியதுதானே?" என்று படித்த ஆண்கள் கேட்கிறார்கள். சோதனை உண்மை சொல்லும், மறுக்கவில்லை. அதைக் கேட்கும் உரிமை யாருக்கு, எதற்காக என்பதுதான் கேள்வி.

1872 சாட்சியச் சட்டத்தின் 112ஆம் பிரிவு, திருமண உறவு நீடிக்கும்போது பிறந்த பிள்ளை கணவனுடையது என்பதற்கு அந்தத் திருமணமே முடிவான சான்று என்றது. இருவரும் சேர்ந்திருக்க வாய்ப்பே இல்லாதிருந்தது என்று காட்டினால் மட்டும் விலக்கு. 2024 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கும் புதிய சட்டத்தில் அது 116ஆம் பிரிவு. 1993இல் கௌதம் குண்டு வழக்கில், மனைவிக்கும் பிள்ளைக்கும் ஜீவனாம்சம் தர வேண்டிய கணவர் பிள்ளைக்கு ரத்தப் பரிசோதனை வேண்டும் என்று கேட்டார். வழக்கமாக அப்படி உத்தரவிட முடியாது என்றது உச்ச நீதிமன்றம். 2023 பிப்ரவரியில் அபர்ணா ஃபிரோதியா வழக்கில், மனைவியின் நடத்தையை நிரூபிக்கப் பிள்ளையின் டி.என்.ஏ.வைக் கருவியாக்கக் கூடாது, பிள்ளைக்கும் அந்தரங்கம் உண்டு என்றது.

இந்தப் பிரிவு பெண்ணுக்காக எழுதப்பட்டதல்ல என்பதை நான் மறைக்கவில்லை. வாரிசையும் சொத்தையும் குழப்பமில்லாமல் வைக்க எழுதப்பட்ட காலனியச் சட்டம் அது. திருமணத்துக்கு வெளியே பிள்ளை பெற்றவளுக்கு அதில் இடமில்லை. ஆனால் ஒன்றைப் பாருங்கள். எந்த வழக்கில் ஆண் சோதனை கேட்கிறான்? ஜீவனாம்சம் கொடுக்க வேண்டியபோது. எந்த வழக்கில் ஆண் சோதனைக்கு மறுக்கிறான்? பிள்ளை வந்து "நீதான் என் அப்பா" என்று சொல்லும்போது. முன்னாள் முதல்வர் என்.டி. திவாரி மீது ஒரு மகன் தொடுத்த வழக்கில், ரத்தம் கொடுக்கவே அவர் பல ஆண்டுகள் மறுத்தார். 2012இல் முடிவு வந்தது, அவர்தான் தந்தை. அதற்குமுன் எத்தனை ஆண்டுகள் அந்தத் தாயின் சொல் சொல்லாகவே மதிக்கப்படவில்லை?

*

மருதக்கலியில் ஒரு தாய் வருகிறாள். புருஷன் பரத்தையர் வீட்டிலிருந்து திரும்புகிறான். அவள் மகனைக் கையில் வைத்துக்கொண்டு பேசுகிறாள். உன் தந்தையை இன்னின்ன நல்ல குணங்களில் ஒத்திரு, அவனுடைய இந்த ஒரு குணத்தில் மட்டும் ஒக்காதே என்று மகனுக்குச் சொல்கிறாள். அவன் கேட்கும்படிச் சொல்கிறாள். அந்த வீட்டிலும் அவள் நிலை ஒன்றும் உயர்வில்லை, பாட்டை எழுதியதும் ஆண்தான். இருந்தாலும் அங்கே சாடையைத் தீர்ப்பளிக்கிறவள் தாய். சாடை பேசப்படுகிறவன் தகப்பன். மாணவர்களுக்கு அதைப் பாடம் நடத்தும்போதெல்லாம், இந்த இடத்திலிருந்து எவ்வளவு தூரம் பின்னால் வந்துவிட்டோம் என்று நினைப்பேன்.

எனக்கு மூன்று கோரிக்கைகள் உண்டு. பாடம் எழுதுகிறவர்களுக்கு: காதுமடலையும் நாக்கையும் தூக்கியெறியுங்கள். மெண்டலுக்குப் பட்டாணி போதும். ஆண்களுக்கு: உங்கள் வீட்டில் யாராவது பிள்ளையின் மூக்கை வெளிச்சத்துக்குத் திருப்பினால், மனைவி வாய் திறப்பதற்குமுன் நீங்கள் வாய் திறங்கள். உங்கள் மௌனமும் சாடைதான்.

மூன்றாவது நம்மைப் போன்ற பெண்களுக்கு. அம்மாக்கள் சொன்ன பொய்யை நான் பழிக்க மாட்டேன். அது அவர்களிடம் இருந்த ஒரே கேடயம். ஆனால் அந்தக் கேள்வியைக் கேட்கிறவர்களும் பெரும்பாலும் நாம்தான். பூங்காவில், பேருந்தில், பிரசவ வார்டில், அன்போடுதான் கேட்கிறோம். அதை நிறுத்தலாம். பிள்ளை பெற்று உட்கார்ந்திருப்பவளிடம் கேட்க வேறு கேள்விகள் இருக்கின்றன. பால் குடிக்கிறாளா என்று கேட்கலாம். ராத்திரி உனக்குத் தூக்கம் இருக்கா என்று கேட்கலாம்.

என் மாணவி இப்போது ஒரு பள்ளியில் ஆசிரியை. போன மாதம் பேசினாள். பத்தாம் வகுப்புக்கு அந்தப் பாடம் வந்ததாம். "நான் காதப் பாக்கச் சொல்லல மேடம். அவரைக்கொட்டைய ஊறவச்சுக் கொண்டுவரச் சொன்னேன்" என்றாள்.